திருப்பிப் போட்ட பனியன்

வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது என் சேலையில் எங்காவது ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வரும். பனியனில் ஓட்டை, கறை, தையல் பிசகு எது இருந்தாலும் அந்த இடத்தைக் காட்ட நாங்கள் செக்கிங் மேசையில் ஒட்டுவது அது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் பழைய செக்கிங் அக்காவின் ஞாபகம் வந்து சிரிப்பு முட்டும்.

அக்கா கையில் அம்பு இருந்தால் முதலாளியே கொஞ்சம் தள்ளித்தான் நிற்பார். குழம்பில் உப்பு கூடினால் டிபன் பாக்ஸ் மூடியில் ஓர் அம்பு. தாமதமாக வந்தால் தோளில் ஓர் அம்பு. ஆனால் அவரிடம் ஒரு நியாயம் இருந்தது. எந்தப் பீஸையும் உள்பக்கம் திருப்பிப் பார்க்காமல் கழிக்க மாட்டார். எங்களையும் கழிக்க விடமாட்டார்.

ஆயுத பூஜை அன்று மிஷின்களுக்குப் பொட்டு வைத்து, பொரி கடலை கொடுத்து, மதியம் ஷட்டரை இறக்கி வெள்ளைத் துணியில் படம் போடுவது எங்கள் கம்பெனி வழக்கம். ஒரு வருடம், அத்தோடு வேலையிலிருந்து நிற்கப்போகும் கட்டிங் மாஸ்டர் கேட்டது ஒன்றே ஒன்று: தன் இளவயதில் பார்த்த ஒரு கருப்பு வெள்ளைச் சிரிப்புப் படம். "அந்தாளு மாதிரி நடிக்க இன்னொருத்தன் பொறக்கோணுமுங்க" என்று அவர் சொல்லிச் சொல்லி நாங்கள் காது புளிக்கக் கேட்ட படம். டெய்லர் பையன்களுக்கோ புதுப்படம் வேண்டும். கடைசியில் தீர்ப்பை அக்காவிடம் விட்டார்கள். அக்கா கழித்தால் படத்தை மாற்றிவிடுவது என்று பேச்சு.

படம் ஓடியது. கெட்டிக்கார வக்கீல் ஒருவன் ஒரு பணக்காரர் வீட்டில் அப்பாவிச் சமையல்காரனாக வேடமிட்டு நுழைகிறான். அவன் பனியனோடு அடுப்படியில் வந்து நின்றதும் அக்கா எழுந்தார். நேரே போய்த் திரையில் அவன் தோள்மேல் ஓர் அம்பை ஒட்டினார்.

"தையல் வெளிய தெரியுதுங்க. பனியன உள்வெளி பாக்காமப் போட்டுட்டு வந்து நிக்கறவரு என்ன பெரிய நடிகருங்க? ரிஜெக்ட்."

பையன்கள் விசிலடித்தார்கள். மாஸ்டரின் முகம் சுருங்கிவிட்டது. பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது.

"ஏனுங்க அம்மிணி, பீஸத் திருப்பிப் பாக்காம நீங்க ரிஜெக்ட் பண்றதில்லீங்களே. இதையும் மறுபக்கம் பாத்துப்போட்டுச் சொல்லுங்க" என்றார். சொந்தச் சட்டத்தில் தானே மாட்டிக்கொண்ட அக்கா, முணுமுணுத்தபடி உட்கார்ந்தார்.

அடுத்த காட்சியில் வக்கீல் தன் அறையில் தனியாகச் சட்டப் புத்தகம் படிக்கிறான். இப்போது பனியன் நேராக இருக்கிறது. திடீரென்று கதவு தட்டப்படுகிறது. பதறி ஓடியவன் பாதி வழியில் நின்று, பனியனைக் கழற்றி, மறுபடி தையல் வெளியே தெரியும்படி திருப்பி மாட்டுகிறான். அவசரத்தில் தலை கை ஓட்டைக்குள் சிக்கிக்கொள்ள, அப்படியே கதவைத் திறந்து வணக்கம் வைக்கிறான். வாய் நிறையப் பொரியோடு அக்கா சிரித்த சிரிப்பில் முன்வரிசைத் தலைகளில் எல்லாம் பொரி. புதுப்படத்தை அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை.

"பனியன் திரும்பறக்கு முன்னாலயே அவரு மூஞ்சி திரும்பிருச்சுங்க மாஸ்டர். கதவு தட்டுன சத்தத்துக்கே தோளு தொங்கிப்போச்சு, பாத்தீங்களா? நடிகருன்னா இவருதானுங்க."

சொல்லிவிட்டுத் திரையில் இருந்த அம்பை உரித்துத் தன் நெற்றியிலேயே ஒட்டிக்கொண்டார். மாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அன்று அக்காவின் மேல் எனக்கு வந்த பிரியம் இன்றும் குறையவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் அதே படத்தைச் செல்போனில் கொஞ்சம் பார்த்துவிட்டு, "ஒரே ஓவர் ஆக்டிங்மா" என்று நிறுத்தப் போனாள். அக்கா கதையைக் கேட்டு வளர்ந்தவள்தான், இருந்தும் அவசரம். துவைக்கப் போட்டிருந்த சேலையைத் துழாவினேன். கிடைத்த அம்பைச் செல்போனின் ஓரத்தில் ஒட்டி, "மறுபக்கமும் பாரு கண்ணு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

செல்போனிலிருந்து கதவு தட்டும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அவள் தரையில் உருண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அம்பு அவள் நெற்றியில் இருந்தது.