கழற்றி மாட்டும் தரை

கட்டடங்களின் கூரைக்குள் ஏ.சி. காற்று போவதற்கான தகரக் குழாய்களைச் செய்து மாட்டுவது அவர் தொழில். அந்தக் குழாய்க்கு டக்ட் என்று பெயர். நாளடைவில் அவருக்கும் அதுவே பெயராகிவிட்டது. டக்ட்காரர் என்றால் அந்தத் தெருவில் யாரும் வீட்டைக் காட்டுவார்கள். இத்தனை வருடங்களில் அவர் கவலைப்பட்டது ஒன்றைப் பற்றித்தான்: இணைப்பு வழியாகக் காற்று கசியக் கூடாது. இரண்டு தகரங்கள் சேரும் இடத்தில் இடைவெளி தெரிந்தால் அவருக்குப் பல்லில் ஏதோ சிக்கிக்கொண்டதுபோல இருக்கும். அடைத்தால்தான் அடுத்த வேலை ஓடும்.

மனைவி இறந்து மூன்று வருடங்கள் ஆகிவிட்டன. பிள்ளைகள் இல்லை. சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு நாற்காலிகள் இருந்தன. அவர் உட்காருவது ஒன்றில், துவைத்த துணி கிடப்பது மற்ற மூன்றிலும். சமைப்பார், நன்றாகவே சமைப்பார். ஆனால் உப்பு சரியா என்று கேட்க ஆள் இல்லாதபோது உப்பு சரியாக இருப்பதில் என்ன இருக்கிறது?

உறவு என்று மிச்சம் இருந்தது மனைவியின் தம்பி ஒருவன்தான். கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தான். ஐம்பது வயது தாண்டியும் அவரை மாமா என்பான். அவர் அவனை மாப்ளே என்பார். டக்ட்காரரிடம் ஒரு சின்ன அலுமினியப் படகு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் அதில் ஏரிக்குள் போய்த் தூண்டில் போடுவார்கள். அவர் நடுப்பலகையில் உட்கார்ந்து துடுப்பு வலிப்பார். மாப்பிள்ளை பின்பலகையில் அவருக்கு எதிரே உட்கார்ந்து பேசுவான். வாய்க்கு ஓய்வே கிடையாது. கடைக்கு வந்தவனுக்கு எந்தக் கண்ணில் எவ்வளவு பவர், அவன் மாமியாருக்கு எவ்வளவு பவர், வங்கி மேலாளர் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு கடை முழுக்கத் தேடியது, எல்லாம் வரும். அவர் 'ம்' கொட்டுவார். பேச்சின் நடுவே காலடியில் ஊறும் தண்ணீரை மாப்பிள்ளை ஒரு குவளையால் மொண்டு வெளியே ஊற்றுவான். பின்பக்கம் தகடுகளைச் சேர்க்கும் ஒரு ஆணி பல காலமாகக் கசிந்துகொண்டிருந்தது. அடைத்தாலும் சில மாதங்களில் திறந்துகொள்ளும். காற்று கசிந்தால் தூங்காத மனிதர், அந்தத் தண்ணீரை மட்டும் ஏனோ கசிவாகவே நினைக்கவில்லை. அது மாப்பிள்ளையின் வேலை என்றே நினைத்திருந்தார்.

போன வருடம் ஒரு நாள் மாப்பிள்ளை எழுந்து நிற்கப் பார்த்தான். படகின் அடிப்பக்கம் சமதளம் கிடையாது. விலா எலும்புபோலக் குறுக்குச் சட்டங்கள் ஓடும். ஈரச் சட்டத்தில் கால் வழுக்கி, இரண்டு சட்டங்களுக்கு நடுவே சிக்கி, கணுக்கால் எலும்பு விரிசல் கண்டது. மாவுக்கட்டு போட்டார்கள், பிரித்தார்கள். கடைக்கும் வீட்டுக்கும் நன்றாகத்தான் நடந்தான். ஏரிக்குக் கூப்பிட்டால் மட்டும் பதில் ஒன்றுதான்.

"கால் இன்னும் முழுசா சரியாகல மாமா. அடுத்த வாரம் பாக்கலாம்."

அடுத்த வாரங்கள் வந்தன, போயின. டக்ட்காரர் யோசித்தார். அவருக்கு ஒரு காரியம் நடக்கவில்லை என்றால் அதற்குத் தகரத்திலோ இரும்பிலோ ஒரு காரணம் இருக்க வேண்டும். காரணம் படகின் அடிப்பக்கத்தில் கிடந்தது. சமமான தரை இருந்தால் மாப்பிள்ளை வருவான்.

ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, படகின் வளைவுக்கு ஏற்றபடி வெட்டி வெட்டி அளவு எடுத்தார். அலுமினியத் தகட்டை மூன்று துண்டாக அறுத்தார். பலகைகளுக்கு இடையே இரண்டு, படகின் முன்நுனியில் ஒன்று. குறுக்குச் சட்டங்கள்மேல் ஆடாமல் உட்கார அடியில் கால்கள் வைத்தார். கையாலேயே திருகிக் கழற்றுகிற நட்டுகள் போட்டார்; வேண்டும்போது எடுத்துக் கழுவலாம். எல்லாம் முடிந்தபின், தகட்டுக்கும் படகின் சுவருக்கும் நடுவே ஒரு விரல் அளவு இடைவெளி சுற்றிலும் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு இருக்க அவரால் முடியுமா? ஓரம் முழுக்க ரப்பர் பட்டை வைத்து இறுக்கினார். மேலே ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். ஒரு சொட்டு கீழே இறங்கவில்லை. அன்றைக்குச் சோற்றை இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டார்.

புதுத் தரையைச் சொல்லிக் கூப்பிட்டதும் மாப்பிள்ளையால் இந்த முறை தட்டிக்கழிக்க முடியவில்லை. ஏரிக்கரையில் படகை எட்டிப் பார்த்துவிட்டு மெல்லக் கால் வைத்தான். தட்டிப் பார்த்தான்.

"என்ன மாமா, படகா, டான்ஸ் மேடையா?"

"நின்னு பாரு. ஆடாது."

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்னு சொல்வாங்க. நீங்க கூடத்தையே நேராக்கிட்டீங்க. இனிமே நான் என்ன சொல்லித் தப்பிக்கிறது?"

டக்ட்காரர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

ஏரியின் நடுவுக்குப் போனார்கள். மாப்பிள்ளை பேச ஆரம்பித்தான். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இடது கண்ணாடியை வலது பக்கம் மாட்டித் தரச் சொன்ன கதை. டக்ட்காரர் துடுப்பை மடக்கி வைத்துவிட்டு, தூண்டிலைப் பார்க்காமல் பேச்சைக் கேட்டார். இத்தனை மாதங்களாகக் காது பசியோடு இருந்தது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, இடத்தை மாற்றலாம் என்று துடுப்பை எடுத்தார். படகு கனத்தது. திருப்பியதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, யோசித்து, மெதுவாக நிமிர்ந்தது. காலுக்கடியில் ஏதோ பெரிதாகப் புரண்டு படுத்த மாதிரி ஒரு சத்தம்.

"மாமா, படகு ஏன் இப்படி ஆடுது?"

"நீ ஆடுற."

"நான் சிலை மாதிரி உக்காந்திருக்கேன்."

தரை காய்ந்து கிடந்தது. அதைப் பார்த்த கணத்தில்தான் அவருக்கு விளங்கியது. ஆணி கசிந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. தண்ணீர் கண்ணுக்குத் தெரியாதபடி அவரே மூடி போட்டு இறுக்கி வைத்திருக்கிறார். இனி நனையாது என்று குவளையையும் வீட்டிலேயே விட்டுவிட்டார்.

"மாப்ளே, காலை மேல தூக்கிப் பலகை மேல வை. அடியில பாக்கணும்."

மாப்பிள்ளை அசையவில்லை. இரண்டு கைகளும் படகின் விளிம்பைப் பிடித்திருந்தன, விரல்கள் வெளுத்திருந்தன. பேச்சு நின்றிருந்தது. அந்த வாய் மூடி டக்ட்காரர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"முடியல மாமா."

அவர் மண்டியிட்டார். அவன் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, தூங்குகிற குழந்தையை நகர்த்துவதுபோலப் பலகைமேல் வைத்தார். நட்டுகளைத் திருகி எடுத்தார். ரப்பர் கவ்விக்கொண்டு வர மறுத்தது. முழு பலத்தோடு இழுத்ததும் தகடு ஒரு உறிஞ்சும் சத்தத்தோடு எழுந்தது. அடியில் ஒரு சாண் தண்ணீர்.

சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்துவிட்டு அதைக்கொண்டு இறைக்கத் தொடங்கினார். மொண்டு மொண்டு வெளியே ஊற்றினார். படகு லேசானது. மாப்பிள்ளையின் கைகள் விளிம்பை விட்டன.

"எனக்குத் தண்ணின்னாலே பயம் மாமா" என்றான். "சின்ன வயசுலேருந்து. நீச்சலும் வராது."

"இத்தனை வருஷம் வந்தியே."

"அக்கா சொன்னா. உங்க கல்யாணம் ஆன புதுசுல. 'அவருக்குப் பேச ஆளே இல்லடா, ஞாயித்துக்கிழமை மட்டும் கூடப் போய் உக்காரு'ன்னா. சரின்னு வந்தேன். அவ போனப்புறம் எப்படி நிறுத்துறதுன்னு தெரியல."

"நல்லாப் பேசிட்டுத்தானே இருந்த?"

"பயத்துலதான் பேசினேன். பேசிக்கிட்டே இருந்தா தண்ணி தெரியாது."

டக்ட்காரர் டப்பாவைக் கீழே வைத்தார். தனக்காகப் பேசப்பட்டது என்று நினைத்ததெல்லாம் தண்ணீருக்காகப் பேசப்பட்டது. அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் எதையோ திருப்பிக் கொடுக்க வேண்டியிருப்பதுபோல அவருக்கு இருந்தது.

"உங்கக்கா என்கிட்ட வேற மாதிரி சொன்னா" என்றார். "'தம்பி கடைக்குள்ளயே கிடந்து காஞ்சு போறான், அவனையும் கூட்டிட்டுப் போங்க'ன்னா. நான் தனியாப் போறவன்தான். உனக்காகத்தான் அந்தப் பின்பலகையே வச்சேன்."

மாப்பிள்ளை அவரைப் பார்த்தான். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

"ரெண்டு பேரையும் ஏமாத்தியிருக்கா" என்றான்.

கரையில் இறங்கியதும் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னான்: "படகுக்கு மட்டும் இனிமே கூப்பிடாதீங்க மாமா. வேற எங்க கூப்பிட்டாலும் ஓடி வரேன்."

வேறு எங்கே? டக்ட்காரர் வீடு திரும்பும் வழியெல்லாம் அதையே யோசித்தார். ஒருவரை எங்காவது கூப்பிட வேண்டும் என்றால் எங்கே கூப்பிடுவார்கள்? அவருக்கு இடமே தோன்றவில்லை. அதெல்லாம் மனைவி பார்த்துக்கொண்ட விஷயம்.

ஆணியை மாற்றினார். ரப்பரை உரித்து எறிந்துவிட்டு, தகட்டில் தண்ணீர் தெரிகிற மாதிரி வரிசையாகத் துளைகள் போட்டார். இப்போது அது நல்ல தரை. குறை சொல்ல ஒன்றுமில்லை. தனியாகப் போனார். மீன் கிடைத்தது. துடுப்பு வலிக்கும்போது முகம் பின்பக்கம் பார்த்துத்தான் இருக்க வேண்டும். எதிரே வெறும் பலகை. பக்கவாட்டில் கரையைப் பார்க்கலாம் என்றால் கழுத்து வலித்தது. சீக்கிரமே திரும்பினார்.

வேலை இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனார். வாசலில் ஒரு நிமிடம் நின்றார். கையில் கருவிப் பை இல்லாமல் ஒரு கடைக்குள் நுழைந்து அவருக்குப் பழக்கமில்லை. மாப்பிள்ளை ஒரு பெண்மணிக்குக் கண்ணாடிக் கம்பியை வளைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன மாமா, கண்ணு மங்குதா?"

"இல்ல. சும்மா வந்தேன்."

மாப்பிள்ளையின் கை நின்றது. பிறகு, வாடிக்கையாளர்களுக்கான ஸ்டூலைக் காலால் அவர் பக்கம் தள்ளினான். அந்தப் பெண்மணி போனாள், வேறொருவர் வந்தார். மாப்பிள்ளை அவர்களிடம் பேசினான். ஏரியில் பேசியதைவிட மெதுவாக, இடையிடையே நிறுத்தி, அவர்கள் சொல்வதையும் கேட்டான். நிறுத்துவான் என்பதே டக்ட்காரருக்குப் புதிது. இவனைத் தனக்கு அவ்வளவாகத் தெரியாது என்று நினைத்துக்கொண்டார். ஆள் இல்லாத நேரத்தில் இருவரும் தெருவைப் பார்த்தார்கள். மேலே ஏ.சி. காற்றுக் குழாய் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"அந்த இணைப்பு விட்டிருக்கு. ஏணி இருக்கா?" என்று எழுந்தார்.

"உக்காருங்க மாமா. அது நாலு வருஷமா அப்படித்தான் கத்துது."

அவர் உட்கார்ந்தார்.