முதல் நண்டு

என் பெரியப்பா எரிந்து விழாத ஆள் எங்கள் கரையில் இல்லை. கரைவலை இழுப்பவர்களை ஏசுவார். வீட்டில் குழம்புக்கு உப்புக் கூடினால் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிவிடுவார். அம்மாவின் முகம் கறுக்கும். அப்பா மெதுவாகச் சொல்வார்: "அண்ணை எவ்வளவு பட்ட மனிசன். பேசாம விடப்பா." ஈச்சிலம்பற்றில் வீட்டையும் வள்ளத்தையும் இழந்து, இரண்டு வருடம் அகதி முகாமில் கிடந்து, பிறகு எங்களிடம் வந்தவர் அவர். 'பட்ட மனிசன்' என்ற அந்த ஒரு சொல்லோடு வீட்டில் எல்லாக் கதையும் அடங்கிவிடும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. விடியற்காலையில், ஈரக் கயிற்றைப் பிடித்துப் பெரியவர்களோடு பின்பக்கமாக நடந்த சந்தோஷம் பிறகு எனக்கு வேறெதிலும் கிடைக்கவில்லை. வலை கரையை நெருங்கும்போது பெரியப்பா அம்பாப் பாட்டு எடுப்பார். ஏசுகிற குரல் அப்போது மட்டும் இனிக்கும். வலையில் வரும் முதல் நண்டை, கால் கட்டி, எனக்குத்தான் தருவார்.

கயிற்றில் கை வைத்த எவருக்கும், கடைசி முழத்தில் வைத்தாலும்கூட, ஒரு கை மீன் கொடுப்பது எங்கள் கரை வழக்கம். பங்கு பிரிப்பவர் பெரியப்பா. அன்று, பக்கத்து அன்புவழிபுரத்துக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு மாமி, இடுப்பில் பிள்ளையோடு ஓடிவந்து கொஞ்சம் இழுத்தார். பிறகு சட்டியை நீட்டினார்.

குனிந்து மீன் பிரித்த பெரியப்பா நிமிரவில்லை. "பங்கு பிரிக்கேக்க மட்டும் வாறியோ? இழுக்கேக்க எங்க போனனீ?"

"பிள்ளைக்குக் காய்ச்சல், அண்ணை. முந்தி வர ஏலாமப் போச்சு. ஒரு பிடி சூடை மீன் போதும்."

"இதென்ன தரும மடமோ? போ!"

சட்டியைக் காலால் தட்டினார். அது மணலில் உருண்டது. கயிறு சுருட்டியவர்கள் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்பாவும்தான்.

புதியவர்களோடு வாய் திறக்க எனக்கு இன்றும் கூச்சம். அன்று எப்படியோ, சட்டியை எடுத்துக்கொண்டு மாமியின் பின்னால் ஓடினேன். வீட்டில் கேட்டதையே சொன்னேன்.

"கோவிக்காதேங்கோ மாமி. பெரியப்பா கனக்கப் பட்டவர். முகாமில எல்லாம் இருந்தவர்."

மாமி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"தெரியும் ராசா. அங்க அவற்ர பாயில இருந்து ரெண்டு பாய் தள்ளித்தான் எங்கட பாய். இவளின்ர அப்பாவை அங்கதான் பறிகுடுத்தனான். உன்ர பெரியப்பா என்ர முகத்தைப் பாத்திருந்தா அவருக்கும் தெரிஞ்சிருக்கும்."

பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றி, என்னிடமிருந்து சட்டியை வாங்கி, வெறும் சட்டியோடு நடந்துபோனார். என் மற்றக் கையில் நண்டு இருந்தது.

வீடு வரும்வரை யோசித்தேன். அவ்வளவு பட்டவர் என்றால் மாமி ஏன் திருப்பி ஏசவில்லை? பெரியப்பா அளவுக்கு அவர் பட்டிருக்க மாட்டார் என்று முடிவு செய்தேன். அத்தோடு மனம் ஆறிவிட்டது. அம்மா நண்டைச் சுட்டுத் தந்தார். பெரியப்பா என்னைப் பக்கத்தில் இருத்தி, கை சுடச் சுட ஓட்டை உடைத்து, சதையை எடுத்து எனக்கு ஊட்டிவிட்டார். நல்ல ருசி.