அரைத் தலைக்கட்டு

நிவாரண லாரியின் தார்ப்பாயை அவிழ்த்ததும் முதலில் டீசல் நெடி வரும். அதன் பின்னால் ரஸ்க் வாசனை, அதற்கும் பின்னால், கட்டுப் பிரிக்காத புதுப் போர்வைகளிலிருந்து கிளம்பும் அந்துருண்டை வாசனை. பத்து நாளாகச் சேற்றையும் அழுகிய நடவையும் செத்த கோழியையும் மட்டுமே முகர்ந்து கிடந்த எங்கள் மூக்குக்கு அந்த மூன்றும் கலந்து வருவது கல்யாண வீட்டு வாசலில் நிற்பது போல இருக்கும். வெள்ளத்தில் எங்கள் வீட்டுச் சுவர் ஒன்று கரைந்து போயிருந்தது என்பதுகூட அந்த ஒரு நிமிஷத்துக்கு மறந்து போகும்.

குமராட்சியிலிருந்து கொள்ளிடக் கரைப்பக்கம் போகும் மினி பஸ் கடைசியாகத் திரும்புகிற இடத்துக்குச் சற்று முன்னால் எங்கள் ஊர். மேலே அணையில் தண்ணீரை அவிழ்த்துவிட்டால் எங்களுக்கு ரேடியோ சொல்லுவதற்கு முன்பே வயல் வரப்பு நண்டு சொல்லிவிடும். அது மேடேறி வந்து அடுப்படியில் நிற்கும். "நண்டு வந்துட்டுது, மூட்டையக் கட்டு" என்பார் அம்மா. பிறகு பள்ளிக்கூடத்தில் சில நாள், கஞ்சித் தொட்டி, படகு, ஜீப்பில் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள், எல்லாம் ஆன பிறகு லாரி.

மற்ற ஊர்களில் லாரி வந்தால் ஆளுக்கு ஆள் ஏறி இழுப்பார்கள், பலசாலிக்கு நாலு, கிழவிக்கு ஒன்றுமில்லை என்று ஆகும். எங்கள் ஊரில் அந்தப் பேச்சே கிடையாது. லாரியை ஊர் முகப்பிலேயே மடக்கி, வந்த சாமான் மொத்தத்தையும் மாரியம்மன் கோயில் கொட்டகையில் இறக்கி, நாட்டாமை வந்து நின்ற பிறகுதான் பங்கு. பங்குக்கு ஒரே கணக்கு, "தலைக்கட்டு". கல்யாணமான ஆண் ஒருவரைத் தலையாகக் கொண்ட குடும்பம் ஒரு தலைக்கட்டு. தீமிதித் திருவிழாவுக்கு வரி போடுவதும் அப்படித்தான். பத்துக் காணி வைத்திருந்தாலும் ஒரு வரி, பத்து விரலை மட்டும் வைத்திருந்தாலும் அதே வரி. வரி கொடுத்த தலைக்கெல்லாம் பங்கும் ஒரே அளவு. இது பெரிய நியாயம் என்று ஊரில் எல்லோருக்கும் பெருமை. வெளியூரில் பெண் கொடுக்கப் போனாலும் இதைத்தான் சொல்லிக்கொள்வார்கள்.

இந்த நியாயத்துக்குள் ஓர் ஓரத்தில் நாங்கள் இருந்தோம். புருஷன் செத்துப்போன பெண், அவளுக்குப் பிள்ளை இருந்து அவன் தலையெடுக்கும் வரைக்கும், "அரைத் தலைக்கட்டு". அவளுக்கு வரி பாதி, பங்கும் பாதி. யாரோ ஒரு காலத்தில், "பாவம், பொம்பள எங்க போவா" என்று இரக்கப்பட்டு வைத்த சலுகைதான் அது. யாரும் கெடுதல் நினைத்துச் செய்ததில்லை. என் அப்பா மஞ்சள் காமாலையில் போனபோது எனக்குப் பால் பல்கூட விழுந்திருக்கவில்லை. நானோ பெண், ஒரே பிள்ளை. ஆகவே எங்கள் வீடு தலையெடுக்கவே போவதில்லை என்பது ஊருக்குத் தெரிந்த விஷயம். எங்கள் பின்வீட்டு அஞ்சலை அத்தையும் அப்படித்தான், அவளுக்கும் ஒரே பெண், தமிழரசி. எனக்கும் தமிழரசிக்கும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே புளியங்காய், ஒரே பேன்.

அந்த வருஷத்து லாரியில் போர்வை வந்தது. அரிசியைப் பாதி அளக்கலாம், ரஸ்க் பாக்கெட்டை எண்ணிப் பிரிக்கலாம், மண்ணெண்ணெயைக்கூட அரை ஊற்றலாம். போர்வையை என்ன செய்வது? நாட்டாமை கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு அவருக்கே பிடித்துப்போன ஒரு யோசனை வந்தது.

"வசந்தா, அஞ்சல, ரெண்டு பேரும் வாங்கம்மா. ஒனக்கு அரை, அவளுக்கு அரை. ரெண்டு பேருக்கும் சேத்து ஒன்னு."

கொட்டகையில் யாரோ சிரித்தார்கள். அஞ்சலை அத்தைக்கு எதையும் கேலியாக்கிவிடும் வாய்.

"கத்திரிக்கோலையும் சேத்துக் குடுத்துடுங்க மாமா. இவளுக்குத் தலப்பக்கம், எனக்குக் கால்பக்கம்."

சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. போர்வையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பேர் கூப்பிட்டவர்களெல்லாம் வந்து வாங்கிப் போனார்கள். மாடி வீட்டுக் கலியமூர்த்தி மாமா வந்தார். வெள்ளத்தில் அவர் வீட்டு மாடியில்தான் பாதி ஊர் படுத்திருந்தது, அவர் வீட்டு அரிசியில்தான் முதல் இரண்டு நாள் உலை கொதித்தது, அதை மறுக்க முடியாது. அவரும் ஒரு தலை, அவருக்கும் ஒரு முழுப் போர்வை. வேண்டாம் என்று சொன்னால் ஊர்ப் பங்கை மதிக்கவில்லை என்றாகிவிடும் என்று வாங்கிக்கொண்டார். நாலு நாள் கழித்து அது அவருடைய டிராக்டர் என்ஜின் மேல் மழைக்கு மூடிக் கிடந்ததை நானும் தமிழரசியும் பார்த்தோம். பார்த்ததை வீட்டில் போய்ச் சொன்னதும் நாங்கள்தான்.

"டிராக்டருக்கு முழுப் போர்வ. நாம ரெண்டு பேரும் சேந்தா ஒரு டிராக்டரு" என்று அஞ்சலை அத்தை சிரித்தாள். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவர், ஊதாங்குழலைக் கீழே வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனார்.

வெள்ளக் கணக்கு முடிக்க ஊர் கூடியிருந்த நேரம். பெண்கள் ஓரமாக நின்று கேட்கலாம், நடுவில் வந்து பேசுவது வழக்கமில்லை. அம்மா நடுவில் போய் நின்றார்.

"எனக்கு முழு வரி போடுங்க" என்றார்.

கூடுதல் பங்கு கேட்பார் என்று எதிர்பார்த்திருந்த நாட்டாமைக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏம்மா, சலுகதான குடுக்குறோம்? யாராச்சும் வரிய ஜாஸ்தி போடுன்னு கேப்பாங்களா?"

"சலுக வேணாம் மாமா. தண்ணி எங்க வூட்டுல அரையா வந்துது? முழுசாத்தான வந்துது? வரியவும் முழுசா வாங்கிக்குங்க, பங்கையும் முழுசாக் குடுங்க."

"அப்புறம் அந்த வரிய எங்கிருந்து குடுப்ப?"

"அது எங் கவல. இல்லன்னா இன்னொன்னு செய்யுங்க. நெலத்துக்குத் தகுந்த மாரி வரி போடுங்க. இருக்குறவங்க ஜாஸ்தி குடுக்கட்டும், இல்லாதவங்க கம்மியாக் குடுக்கட்டும். அப்ப நான் அரையே குடுக்குறேன், எனக்கு அதுல ஒரு கேவலமும் இல்ல."

இதற்குக் கலியமூர்த்தி மாமா கோபப்படுவார் என்று நான் பயந்தேன். அவரோ தாராளமாகத் தலையாட்டினார். "எனக்கு ஒன்னுமில்லப்பா, ஊரு சொன்னா ரெண்டு பங்கு என்னா, பத்துப் பங்கே குடுக்குறேன்" என்றார். துள்ளி எழுந்தவர் தனகோடி சித்தப்பா. நெல் மூட்டை தூக்கித் தூக்கி ஒரு தோள் இறங்கிப்போன மனிதர், வரி கொடுக்க வருஷா வருஷம் கைமாற்று வாங்குகிறவர்.

"வேணாம் வசந்தா, அந்த வேலையே வேணாம். இன்னிக்கி அவுரும் ஒரு தல, நானும் ஒரு தல. சாமி வரும்போது அவுரு வூட்டு வாசல்ல எத்தினி நேரம் நிக்குதோ அத்தினி நேரம் எங் குடிச வாசல்லயும் நிக்குது. அவுரு பத்துப் பங்கு குடுத்துட்டாருன்னு வையி, அப்புறம் சாமி அங்கியே ஒக்காந்துக்கும். நான் அவுரு வூட்டு வாசல்ல போயித்தான் கும்புடணும். எங் கோமணத்த அடமானம் வச்சாலும் சரி, சரிசமமாத்தான் குடுப்பேன்."

கூட்டம் அவர் பக்கம்தான். இல்லாதவர்கள் எல்லோரும் அவர் பக்கம். இருப்பவன் அதிகம் கொடுக்கட்டும் என்று சொன்னது ஏழைப் பெண், வேண்டாம் என்று தடுத்தது ஏழை ஆண், சரி என்று தலையாட்டியது பணக்காரர். இன்றைக்கும் டி.வி.யில் நாலு பேர் உட்கார்ந்துகொண்டு இலவசம் நல்லதா, வரியை யார் மேல் போடுவது என்று கத்தும்போது எனக்கு அந்தக் கொட்டகைதான் கண்ணில் வருகிறது. இரண்டு பக்கமும் இருக்கும் நியாயம் ஒன்றையொன்று கடித்துக்கொண்டே இருக்கிறது, என்னால் சானலை மாற்றவும் முடிவதில்லை, உட்கார்ந்து பார்க்கவும் முடிவதில்லை.

கடைசியில் ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. அம்மா கேட்டதில் முதல் பாதியை ஒத்துக்கொண்டார்கள். ஆனால் ஒருத்திக்கு ஒரு சட்டம் வைக்க முடியாது; இனிமேல் அரைத் தலைக்கட்டு என்பதே கிடையாது, தனியாக உலை வைக்கிற பெண் யாராக இருந்தாலும் முழு வரி, முழுப் பங்கு. அம்மா ஜெயித்துவிட்டார் என்று நான் குதித்துக்கொண்டு ஓடினேன். வீட்டு வாசலில் அஞ்சலை அத்தை நின்றிருந்தாள். அவள் முகத்தில் கேலி இல்லை. செய்தி எங்களுக்கு முன்பே வந்திருந்தது; என் பின்னால் வந்த அம்மாவிடம் கேட்டாள்.

"என்னாடி பண்ணிட்டு வந்துருக்க? ஒனக்கு ரோஷம் வந்தா ஒனக்கு மட்டும் கேக்க வேண்டியதுதான? எனக்கு அரையே பாரம்டி. நான் முழுசுக்கு எங்க போவேன்?"

"ரெண்டு பேரும் சேந்து பாத்துக்கலாம், அஞ்சல."

"ஆமா, போர்வயச் சேந்து பாத்துக்கிட்ட மாரி."

அந்தப் போர்வையை அது வரைக்கும் ஒரு நாள் எங்கள் வீட்டிலும் ஒரு நாள் அவர்கள் வீட்டிலுமாக மாற்றிக்கொண்டிருந்தோம். அன்றைக்கு எங்கள் முறை. மறுநாள் நான் கொண்டுபோய்க் கொடுத்தபோது, தமிழரசி கதவைப் பாதி திறந்து, "அம்மா வேணாம்னு சொல்லிச்சி" என்றாள். எங்கள் வீட்டிலேயே அது கிடந்தது. அம்மா ஒரு நாளும் அதைப் போர்த்திக்கொள்ளவில்லை, எனக்கும் போர்த்திவிடவில்லை.

திருவிழா வந்தது. அம்மா ஆட்டுக்குட்டியை விற்று முழு வரி கொடுத்தார். அந்தக் குட்டியை விற்றால் எனக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பாவாடை சட்டை என்று பேச்சு இருந்தது, அந்த வருஷம் பழையதிலேயே கீழே துண்டுத் துணி வைத்துத் தைத்துப் போட்டுக்கொண்டேன். சாமி ஊர்வலம் எங்கள் வாசலில் முதல் தடவையாகத் தனகோடி சித்தப்பா வாசலில் நின்ற அளவுக்கு நின்றது. அம்மா தேங்காய்த் தட்டைப் பிடித்திருந்த விதத்தை இன்றைக்கும் என்னால் நின்று காட்ட முடியும். முதுகு அப்படி நிமிர்ந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஆனால் சாமி அடுத்து நகர்ந்தபோது பின்வீட்டு வாசலில் கோலம் இல்லை. அஞ்சலை அத்தை காப்புக் கட்டுவதற்கு முன்பே தமிழரசியைக் கூட்டிக்கொண்டு பெண்ணாடத்துக்குக் கரும்பு வெட்டப் போயிருந்தாள். அவள் அண்ணன் அங்கே மில்லுக்கு ஆள் சேர்க்கிறவர். "வெட்டு முடிஞ்சதும் வந்துடுவா" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். வெட்டு முடிந்தது, அடுத்த வெட்டும் முடிந்தது, பின்வீட்டுக் கூரை மெல்ல மெல்ல உட்கார்ந்தது.

வரிக்குப் பயந்து போனாளா, கூலிக்காகப் போனாளா, எங்களோடு பேசாமல் பக்கத்தில் வாழ முடியாமல் போனாளா, எனக்கு இன்றுவரை தெரியாது. அம்மாவிடம் ஒரு தடவை கேட்டேன். "நான் முழுசாக் கேட்டது தப்புன்னு சொல்றியா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். 

இப்போது நான் சிதம்பரத்தில் ஜவுளிக்கடையில் துணி மடிக்கிறேன், அம்மாவும் என்னோடுதான் இருக்கிறார். வெள்ளம் இன்னமும் வருகிறது, லாரி வந்தாலும் கொட்டகை வரைக்கும் போவதில்லை. நிவாரணம் ரேஷன் கார்டுக்கும் பேங்க் கணக்குக்கும் வந்துவிடுகிறது. மாதா மாதம் அரசாங்கப் பணம் வரும்போது அம்மாவின் போனில் மணி அடிக்கிறது, அதில் அவர் பேர் குடும்பத் தலைவி. யாரும் அரை என்று சொல்லுவதில்லை. அது பெரிய காரியம்தான், நான் இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஆனால் ஊரில் இப்போது தலைக்கட்டு வரி கிடையாது. கலியமூர்த்தி மாமாவின் மகன் சென்னையில் மனை வாங்கி விற்கிறார், தீமிதிச் செலவு மொத்தமும் அவருடைய உபயம். ஊர் முகப்பில் அவர் கைகூப்பி நிற்கும் பேனர் அம்மனைவிடப் பெரியது. வரி இல்லை என்றதும் ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். தனகோடி சித்தப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியாது, அவர் மகனே அந்த பேனரில் கீழ் வரிசையில் சிரித்துக்கொண்டு நிற்கிறான்.

இந்த வருஷமும் தீமிதிக்கு அம்மா வரிப் பணத்தை எடுத்துக்கொண்டு ஊருக்கு மினி பஸ் ஏறிப் போனார். கொட்டகையில் வாங்குவதற்கு ஆள் இல்லை. பந்தல் போட்டுக்கொண்டிருந்த பையன்கள், "அதெல்லாம் இப்ப வாங்குறதில்ல ஆயா, ஆசையா இருந்தா உண்டியல்ல போட்டுட்டுப் போங்க" என்றார்களாம். ராத்திரி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவரிடம், போட்டுவிட்டு வந்திருக்கலாமே என்றேன்.

"உண்டியல்ல போட்டா சாமிக்குப் போவும். நான் ஊருக்குல்ல குடுக்கணும்" என்றார்.

காலையில் நான் எழுந்து பார்த்தபோது முதல் பஸ்ஸுக்கே மறுபடி கிளம்பிப் போயிருந்தார். மத்தியானம் கடையில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போன் செய்தேன். பின்னால் ஒலிபெருக்கிக்காரன் மைக் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

"யாராச்சும் வாங்கினாங்களா?"

"ஒக்காந்திருக்கேன்" என்றார் அம்மா.