ஜெர்மன் அங்கிள் வரைஞ்ச மாலை

அமெரிக்காவுல, ஈஸ்ட் பிரன்ஸ்விக்ல எங்க பக்கத்து வீட்டுல ஒரு ஜெர்மன் ஓவியர் இருந்தார். எங்க பொண்ணு அவரை அங்கிள்னு கூப்பிட ஆரம்பிச்சா, நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். சின்ன வயசுலயே ஊரை விட்டு வந்தவர். ஜட்ஜ், காலேஜ் பிரசிடெண்ட்னு பெரிய மனுஷங்க முகத்தை வரைஞ்சுதான் வீடு வாங்கினார். "அது வயித்துக்கு"ம்பார். மனசுக்கு வரைஞ்சதெல்லாம் வேற: லாண்டரில துணி மடிக்கிறவ, பஸ் ஸ்டாப்புல தூங்குறவன், எங்க கிச்சன்ல தோசை திருப்புற நான். அதையெல்லாம் கேலரிக்காரங்க சீண்டவே மாட்டாங்க. மனுஷர் கவலையே பட்டதில்லை.

என் வீட்டுக்காரருக்கு பைபாஸ் பண்ணணும்னு டாக்டர் சொன்னப்ப எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. அங்கிள் தானாவே வந்து, "ஆபரேஷனுக்கு முன்னாடி அவரை நான் வரையறேன்"னார். இவரும் தினம் போய் உட்கார்ந்தார். ஆபரேஷனுக்கு முதல் நாள் அங்கிள் படத்தைத் தூக்கிட்டு வந்து, ஹால்ல வச்சுத் துணியை எடுத்தார். முகம் அச்சு அசல் இவரேதான். ஆனா படத்தைச் சுத்தி, கனமா ஒரு மல்லிகை மாலையையும் சேர்த்து வரைஞ்சிருக்கார்.

"என்ன காரியம் பண்ணீங்க அங்கிள், போனவங்க படத்துக்குத்தான் நாங்க மாலை போடுவோம்"னு கத்திட்டேன்.

அவர் எங்க சுவத்தைப் பார்த்தார். மாமனார் படம், மாமியார் படம், ரெண்டுலயும் மாலை. "இந்த வீட்டுல ரொம்பப் பிரியமானவங்களுக்குப் போடுறதுன்னு நினைச்சேன்"னார். முகம் வெளுத்துப் போச்சு. இவர் என்னடான்னா சோபாவுல உட்கார்ந்து சிரிக்கிறார். "கொஞ்சம் அட்வான்ஸா போட்டுட்டார், விடேன்"ங்கிறார். வாயில ஒரு நல்ல வார்த்தை வராது இந்த மனுஷனுக்கு.

அங்கிள் படத்தைத் திரும்ப எடுத்துட்டுப் போயிட்டார். நான் ஆஸ்பத்திரியில உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்த அந்த வாரம் பூரா, அவர் வீட்டுல பிரஷ்ஷும் கையுமா இருந்திருக்கார். இவர் பிழைச்சு வீடு வந்ததும் படத்தைக் கொண்டு வந்து மாட்டினார். சுத்தி இருந்த மாலையைக் காணோம். படத்துல இவர் பக்கத்துல நான் உட்கார்ந்து, மடியில பூ கட்டிக்கிட்டிருக்கேன். பாதிதான் கட்டியிருக்கு.

"அவசரமே இல்லை, மெதுவா கட்டுங்க"ன்னார் அங்கிள்.

போன மாசம் அங்கிள் போயிட்டார். தன்னையே அவர் வரைஞ்ச படம் ஒண்ணை அவரோட பொண்ணு எங்ககிட்ட கொடுத்தா. இவர் காரை எடுத்துக்கிட்டுப் போய் உதிரி மல்லி வாங்கிட்டு வந்து, "கட்டும்மா"ன்னார். பாதி கட்டினேன். அதுக்கு மேல கை வரலை. பூ இன்னும் ஃப்ரிட்ஜுலதான் இருக்கு.