மஞ்சள் இறக்கையில் ஒரு கீறல்

என் தங்கையைப் பெண் பார்க்க வந்த இடத்தில், மாப்பிள்ளையின் அப்பா என் விமானத்தைச் சாவியால் கீறினார். 

விமானம் என்றால் உள்ளங்கை அளவு உலோக வார்ப்புதான். இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவே கப்பல் மேல்தளத்திலிருந்து கிளம்பிய இரட்டை இறக்கைச் சண்டை விமானத்தின் மாதிரி. வெள்ளி நிற உடம்பு, மஞ்சள் மேலிறக்கை, தரையிறங்கும்போது கப்பலில் கட்டிய கயிற்றைப் பிடிக்க வாலுக்கடியில் ஒரு குட்டிக் கொக்கி. தாராவியில் எங்கள் வீட்டு டிவிக்கு மேலே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். தூசி தட்டக்கூட நான் யாரையும் விட்டதில்லை. "கழுத வயசாச்சு, பிளேன் வச்சு வெளாடுதான்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவள் என் தங்கைதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டிராம்பேயிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பங்கார் வியாபாரி. பழைய இரும்பு, பித்தளை எடுப்பவர். சொந்த வீடு, ஒரே பையன், நம்ம திருநெல்வேலிப் பக்கம். அம்மாவுக்கு அந்தச் சம்பந்தத்தின் மேல் உயிர். "ஏல, இன்னைக்கு ஒரு நாள் ஒன் கோவத்த மூட்ட கட்டி வையி" என்று காலையிலேயே என்னிடம் சொல்லிவிட்டாள்.

தங்கை காபி கொண்டுவந்தாள். மாப்பிள்ளையின் அம்மா அவளை நடந்து காட்டச் சொன்னார். பின்னலை இழுத்துப் பார்த்து, சவுரி இல்லை என்று உறுதி செய்துகொண்டார். "பம்பாய்ல வளந்த பிள்ளையளுக்குத் தமிழு வாசிக்க வராதுல்லா?" என்று சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டினார். இந்தி மீடியத்தில் படித்தவள், எழுத்துக் கூட்டிக் கூட்டி ராசிபலன் வாசித்தாள். எல்லோரும் சிரித்தோம்.

அதற்குள் மாப்பிள்ளையின் அப்பா கண்ணாடிப் பெட்டியைத் திறந்துவிட்டார். விமானத்தைக் கையில் தூக்கி எடை பார்த்தார். நகத்தால் தட்டினார். பிறகு, கடையில் நாள் முழுக்கச் செய்கிற காரியம்தானே, வெகு இயல்பாகச் சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மஞ்சள் இறக்கையில் சர்ரென்று ஒரு கோடு இழுத்தார்.

"உள்ள ஜஸ்தாதான். நான் பித்தளைன்னுல்லா நெனச்சேன்."

ஜஸ்தா என்றால் துத்தநாகம். எதற்கெடுத்தாலும் கத்துகிற நான், அம்மாவின் முகத்தைப் பார்த்தபடி மரம்போல நின்றேன்.

"மாமா, அதக் கீழ வைங்க."

தங்கையின் குரல். "கேக்காமக் கீறிப் பாக்கக் கூடாது. அது எங்க அண்ணனோடது."

வந்தவர்களில் ஒருவர் கடித்த லட்டை விழுங்காமல் அப்படியே வைத்திருந்தார். விமானம் டிவி மேல் இறங்கியது. காபி ஆறுவதற்குள் எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். மறுநாள் தரகர் போன் செய்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

அம்மா அந்த விமானத்தைப் பெற்ற பிள்ளைபோல் பாவித்து அதையே திட்டித் தீர்த்தாள். எனக்குக் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை. தங்கையிடம் போனேன்.

"ஏட்டி, ஒரு பொம்மைக்காவ எதுக்கு வாயத் தொறந்த? போனாப் போவுதுன்னு விட்டிருக்கலாம்லா?"

அவள் மொபைலிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"பொம்மைக்காவன்னா நெனச்ச? நடக்கச் சொன்னாவ, முடியப் புடிச்சு இழுத்தாவ, வாசிக்கச் சொன்னாவ. நீயும் கூடச் சேந்து சிரிச்ச."

நகரப் பார்த்தேன். அவள் விடவில்லை.

"பிளேனக் கீறுனப்பதாண்ணே ஒனக்கு மூஞ்சி செத்துச்சு."