உடைசல் மேட்டில் பாஸான பூட்ஸ்

1974 ஐப்பசி. பி.எஸ்ஸி. கடைசி வருஷம். விருத்தாசலத்திலிருந்து நாங்கள் மூன்று பேர் கல்வராயன் மலைக்குக் கிளம்பினோம். பாதையில் போனால் என்ன மரியாதை? காட்டுக்குள் புகுந்து ஏறுவதாகத் திட்டம்.

எங்கள் ஊரில் செருப்பைப் பரீட்சை பண்ண ஒரே வழிதான். பீங்கான் சூளைகளுக்குப் பின்னால் உடைந்த கோப்பையும் ஜாடியும் மேடாகக் குவிந்து கிடக்கும். அதன் மேல் நடக்க வேண்டும். சில்லு ஏறாவிட்டால் பாஸ்.

என் பூட்ஸுக்குப் பழைய லாரி டயரில் அடி வைத்துத் தைத்திருந்தேன். மேட்டின் மேல் ஆடியே காட்டினேன். மங்கலம்பேட்டை நண்பனும் அதே ரகம். பெண்ணாடத்து நண்பன் மட்டும் கேன்வாஸ் ஷூவில் வந்தான். நாலடி வைப்பதற்குள் சில்லு குத்தி, ஒற்றைக் காலில் நின்றான்.

"டேய், இது டிரில் பீரியடுக்குப் போடுறதுடா. நீ வூட்லயே இரு" என்றேன்.

"நான் கீழ பாத்து நடந்துக்கறேன். ஒன் வேலையப் பாரு."

மலையில் முதலில் நான்தான் ராஜா. முள்ளை நொறுக்கிக்கொண்டு முன்னால் போனேன். அருவிச் சத்தம் கேட்டதும் ஓட்டம். சரிவான பாறை, பாசி, மேலே வழியும் தண்ணீர். கால் வைத்ததுதான் தெரியும். தேய்ந்த டயர் அப்படியே சறுக்கிக்கொண்டு போனது. விளிம்பில் ஒரு வேர் கைக்கு அகப்பட்டது. கீழே வெறும் நுரை.

மங்கலம்பேட்டைக்காரன் இறங்கப் பார்த்தான். முதல் அடியிலேயே வழுக்கி உட்கார்ந்துவிட்டான். என் கையில் வேர் இழை இழையாகப் பிய்ந்தது.

கேன்வாஸ்காரன்தான் வந்தான். அந்த மெல்லிய ரப்பர் அடி பாறையோடு வளைந்து பல்லி மாதிரி ஒட்டியது. ஒரு வெடிப்பில் காலை ஊன்றிக்கொண்டு துண்டை வீசினான்.

"ஒதறாத மச்சான். மெதுவா வா. நீ ஆட்டுனீன்னா ரெண்டு பேருமே கீழதான்."

துண்டைப் பிடித்து மேலே ஏறி விழுந்தேன். பிறகு அவன் என் காலைப் பார்த்தான்.

"அந்த லாரிய மொதல்ல கழட்டுடா."

வயிறு வலிக்கச் சிரித்தோம். பூட்ஸைத் தோளில் தொங்கவிட்டு, வெறுங்காலோடு சுற்றி இறங்கி, அதே அருவியில் ஆட்டம் போட்டுவிட்டுத்தான் திரும்பினோம். தரை என்றால் குத்தும் என்று மட்டுமே தெரிந்த ஊர்க்காரன் நான். வழுக்கும் என்று யோசிக்கவே இல்லை. போகிற இடத்துத் தரை எப்படி என்று விசாரிக்காமல், அதற்கப்புறம் நான் காலில் எதையும் மாட்டுவதில்லை.