ஸ்டிக்கருக்கு வைத்த பொட்டு

என் தம்பிக்கு இருபத்தாறு வயது. ஆட்டிசம். "இவனுக்கு எதுக்கு வேலை, வீட்டோட பத்திரமா இருக்கட்டுமே" என்று சொல்லும் சொந்தக்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. அவர்கள் வாயை அடைக்கவாவது அவனை வேலைக்கு அனுப்பியே தீருவது என்று இருந்தேன்.

திருமுடிவாக்கத்தில் போல்ட், நட் பாக்கெட் போடும் ஒரு சின்ன கம்பெனி. ஒரு மாதம் பார்க்கலாம் என்றார் முதலாளி. காட்டாங்குளத்தூரில் படிக்கும் இரண்டு மாணவிகள் ஆக்மென்டட் ரியாலிட்டி ஆப் ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். ஸ்டாண்டில் மாட்டிய போனில் அவனுடைய மேஜை அப்படியே தெரியும். அடுத்து எந்த டப்பாவில் கை வைக்க வேண்டுமோ அதன்மேல் பச்சைக் கட்டம் விழும். யாரும் அதட்ட வேண்டாம். மேஜை மூலையில் ஒட்டியிருக்கும் கறுப்பு வெள்ளை ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் போன் இடத்தைக் கண்டுபிடிக்கும். மூன்று வாரத்தில் ஒரு பாக்கெட்கூடத் தப்பாகப் போகவில்லை.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்த காலையில் முதலாளி கூப்பிட்டார். "கொஞ்சம் வந்துட்டுப் போம்மா. தம்பி காதைப் பொத்திக்கினு நிக்கிறாரு, எதையும் தொட மாட்டேங்கிறாரு. இது சரிப்பட்டு வராதுன்னு தோணுது."

பீர்க்கன்கரணையிலிருந்து ஸ்கூட்டரை விரட்டினேன். அவனைத் திரும்பக் கூட்டிப்போக நான் வரவில்லை என்று வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

போனில் மேஜை தெரிந்தது. பச்சைக் கட்டம் இல்லை. தம்பி மேஜை மூலையையே வெறித்துக்கொண்டிருந்தான். குனிந்து பார்த்தேன். டிரில்லிங் மெஷினுக்கும் தராசுக்கும் வைத்ததுபோலவே ஸ்டிக்கருக்கும் பட்டையாகச் சந்தனம், நடுவில் குங்குமம்.

"யார் சார் இதை வெச்சது?"

"நான்தாம்மா. எல்லா மெஷினுக்கும் வெச்சிட்டு, தம்பியோடத மட்டும் விட்டா நல்லாவா இருக்கும்?"

சண்டை போட வந்தவள், ஒரு துணியை நனைத்துக்கொண்டு வந்தேன். ஸ்டிக்கரைத் துடைத்தேன். பச்சைக் கட்டம் வந்தது. தம்பி காதிலிருந்து கையை எடுத்து வாஷர் டப்பாவில் விட்டான்.

முதலாளி தலையைச் சொறிந்தார். "என் தப்புதாம்மா."

"இன்னும் ஒரு வாரம் இருக்கு சார். அது முடியட்டும், அப்புறம் சொல்லுங்க."

அதற்குப் பிறகு இரண்டு ஆயுத பூஜை ஆகிவிட்டது. இரண்டு முறையும் முதலாளி சந்தனக் கிண்ணத்தோடு அந்த மேஜைக்கு வந்தபோது தம்பி ஸ்டிக்கரை உள்ளங்கையால் மூடிக்கொண்டான். அவர் அவன் புறங்கையில் பொட்டு வைத்துவிட்டு அடுத்த மெஷினுக்குப் போனார்.